பெரும்பூசணி வளர்ப்பு

பெரும்பூசணி வளர்ப்பு என்பது வீட்டுத் தோட்டங்களில் போட்டிக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ மிகப் பெரிய பூசணிக்காய்களை விளைவிக்கும் தோட்டக்கலை முயற்சி ஆகும். இது கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஐரோப்பிய நாடுகள் முதலியவற்றில் பரவலாக உள்ளது. ஒரு கொடியில் ஒரே ஒரு காயை மட்டும் விட்டு, அக்கொடியின் உணவு முழுவதையும் அக்காய்க்கே செலுத்துவது இம்முறையின் அடிப்படை ஆகும். 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் எடையிடப்பட்ட 1278.8 கிலோகிராம் எடையுள்ள காய் உலகச் சாதனையாகப் பதிவானது.

தாவர இனம்

பெரும்பூசணி குகுர்பிட்டா மாக்சிமா என்னும் இனத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவே இதன் தாயகம். இதன் காட்டு மூதாதையின் காய்கள் சிறியவை, கசப்பானவை. தமிழ்நாட்டில் பரங்கிக்காய், அரசாணிக்காய், மஞ்சள் பூசணி எனப் பல பெயர்களில் பெரும்பாலும் பயிரிடப்படுவது குகுர்பிட்டா மொஸ்சாட்டா என்னும் வேறோர் இனம் ஆகும். வெண்பூசணியோ பேரினத்தாலேயே வேறுபட்டது.

போட்டிகளில் வளர்க்கப்படும் காய்கள் ஏறக்குறைய அனைத்தும் 'அட்லாண்டிக் ஜெயன்ட்' என்னும் வகையின் வழிவந்தவை. இவ்வகையைக் கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்திலுள்ள வின்சர் நகரைச் சேர்ந்த உழவர் ஹோவர்ட் டில் (இறப்பு: 2008) பல ஆண்டுத் தெரிவின் மூலம் உருவாக்கினார். இவர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகப் போட்டியில் வென்றார்.

வரலாறு

கனடாவின் ஒன்றாரியோவைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 1900 இல் பாரிசு உலகக் கண்காட்சியில் 400 இறாத்தல் (181 கிலோகிராம்) எடையுள்ள காயைக் காட்சிக்கு வைத்தார். 1904 இல் செயின்ட் லூயி கண்காட்சியில் அவர் வைத்த காய் 403 இறாத்தல் இருந்தது. இந்த அளவு 1976 வரை எவராலும் முறியடிக்கப்படவில்லை. 'அட்லாண்டிக் ஜெயன்ட்' விதைகள் பரவிய பின்னர் எடை விரைவாக உயர்ந்தது. குறிப்பிடத்தக்க சாதனைகள் வருமாறு:

* 1981 - ஹோவர்ட் டில், கனடா - 224 கிலோகிராம்
* 1996 - பவுலா, நேத்தன் செயர், அமெரிக்க ஐக்கிய நாடுகள் - 481 கிலோகிராம் (1000 இறாத்தலைக் கடந்த முதற்காய்)
* 2012 - ரான் வாலஸ், அமெரிக்க ஐக்கிய நாடுகள் - 911 கிலோகிராம் (2000 இறாத்தலைக் கடந்த முதற்காய்)
* 2014 - பெனி மையர், சுவிட்சர்லாந்து - 1054 கிலோகிராம் (1000 கிலோகிராமைக் கடந்த முதற்காய்)
* 2016 - மத்தியாஸ் வில்லமைன்ஸ், பெல்ஜியம் - 1190 கிலோகிராம்
* 2021 - ஸ்டெபானோ குட்ரூபி, இத்தாலி - 1226 கிலோகிராம்
* 2023 - டிராவிஸ் கீங்கர், அமெரிக்க ஐக்கிய நாடுகள் - 1247 கிலோகிராம்
* 2025 - ஸ்டூவர்ட், இயன் பேட்டன், ஐக்கிய இராச்சியம் - 1278.8 கிலோகிராம்

இவர்களுள் பலர் பெரும் பண்ணையாளர்கள் அல்லர். வேறு தொழில் செய்துகொண்டு தம் தோட்டத்தில் ஓய்வு நேரத்தில் வளர்ப்பவர்கள்.

வளர்ப்பு முறை

விதையும் நாற்றும்

வட அரைக்கோளத்தின் மிதவெப்பப் பகுதிகளில் ஏப்ரல் மாதத்தில் விதை ஊன்றப்படுகிறது. விதையின் உறை தடித்தது. ஆகவே நீர் உட்புகுவதற்காக அதன் விளிம்புகளை மெல்லத் தேய்த்துவிடுவர். ஏறக்குறைய 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் வீட்டினுள் சட்டிகளில் முளைக்க வைத்து, உறைபனி நீங்கிய பின் தோட்டத்தில் நடுவர்.

மண்ணும் இடமும்

தொழுவுரமும் மக்கிய இலைகளும் கலந்த, நீர் தேங்காத மண் தேவை. மண்ணின் காரகாடித்தன்மைச் சுட்டெண் 6 முதல் 7 வரை இருத்தல் நன்று. போட்டிக்கு வளர்ப்போர் ஒரு செடிக்கு 50 முதல் 90 சதுர மீட்டர் வரை இடம் ஒதுக்குகின்றனர். குறைந்த இடத்திலும் வளர்க்கலாம். ஆனால் இலைப்பரப்பு குறைவதால் காயின் எடையும் குறையும்.

கொடி பராமரிப்பு

முதன்மைக் கொடியை நேராக ஓடவிட்டு, பக்கக் கொடிகளை இருபுறமும் ஒழுங்காகப் படரவிடுவர். பக்கக் கொடிகளிலிருந்து கிளைக்கும் கொடிகள் கிள்ளப்படும். கொடியின் கணுக்களை மண்ணால் மூடினால் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கும். இதனால் நீரும் ஊட்டமும் கூடுதலாகக் கிடைப்பதுடன், கொடி காற்றில் புரளாமலும் இருக்கும்.

மகரந்தச் சேர்க்கை

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கும். பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருப்பதால் அதனை எளிதில் அடையாளம் காணலாம். மறுநாள் மலரவிருக்கும் பெண் மொட்டை முதல் நாள் மாலையிலேயே மூடி வைத்து, அதிகாலையில் அது மலர்ந்ததும், தெரிந்தெடுத்த ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் தடவுவர். தேனீக்கள் வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதை இது தடுக்கிறது. விதையின் மரபுவழியும் உறுதியாகிறது. முதன்மைக் கொடியில் 3 முதல் 4 மீட்டர் தொலைவில் உள்ள பிஞ்சே பெரும்பாலும் தெரிவு செய்யப்படுகிறது. சில பிஞ்சுகளின் வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தபின் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அகற்றுவர்.

காய் வளரும் காலம்

வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது ஒரு காய் நாளொன்றுக்கு 20 கிலோகிராம் அளவுக்கும் எடை கூடும். அப்போது ஒரு செடிக்கு நாள்தோறும் சில நூறு லிட்டர் நீர் தேவைப்படலாம். காயின் அடியில் மணல் பரப்பி அழுகலைத் தவிர்ப்பர். வெயில் பட்டால் தோல் விரைவில் இறுகிவிடும் என்பதால் நிழல் பந்தல் அமைப்பர். காய் பருக்கும்போது காம்பு முறியாதிருக்க, பிஞ்சுப் பருவத்திலேயே அதனைக் கொடிக்குச் செங்குத்தாகச் சிறிது சிறிதாகத் திருப்பிவிடுவர்.

பருமனின் காரணம்

பெரும்பூசணியின் இலைகள் மற்ற வகைகளின் இலைகளைவிட அதிகமாக ஒளிச்சேர்க்கை செய்வதில்லை என்று 2015 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இலையில் உருவாகும் சர்க்கரையைக் காய்க்குக் கடத்தும் உரியத் திசு இவ்வகையில் மிகுதியாக உள்ளதே முக்கிய வேறுபாடு என அவ்வாய்வு கண்டது. வளர்ப்போர் எடையை மட்டுமே நோக்கித் தெரிவு செய்தபோது, அவர்கள் அறியாமலேயே இக்கடத்தும் திறனையும் தெரிவு செய்துள்ளனர். மேலும், காய் பெருக்கும்தோறும் தன் எடையாலேயே தட்டையாகிறது என்பதை 2011 இல் டேவிட் ஹு உள்ளிட்ட ஆய்வாளர்கள் விளக்கினர். இதனாலேயே சாதனைக் காய்கள் உருண்டையாக இராமல் சரிந்து பரந்த வடிவில் காணப்படுகின்றன.

இடர்கள்

சாம்பல் நோய், வாடல் நோய், நச்சுயிரிகள், தண்டைத் துளைக்கும் புழு, வண்டுகள் ஆகியவை கொடியைத் தாக்குகின்றன. எனினும் வளர்ப்போர் மிகவும் அஞ்சுவது காய் வெடித்தலையே. தோல் விரியும் வேகத்தைவிட உட்புறம் வேகமாக வளர்ந்தால் காய் பிளந்துவிடும். வறட்சியை அடுத்துப் பெருமழை பெய்தாலும், ஒரே நாளில் மிகுதியாக நீர் பாய்ச்சினாலும் இது நேரலாம். எனவே நீரும் உரமும் சீராக அளிக்கப்படுகின்றன. ஒரு செடியில் ஒரு காயே விடப்படுவதால், அது வெடித்தால் அவ்வாண்டின் உழைப்பு முழுவதும் வீணாகும். மீண்டும் தொடங்க அப்பருவத்தில் காலம் இராது.

போட்டி விதிகள்

பல நாடுகளில் நடைபெறும் எடையிடல்களை 'கிரேட் பம்ப்கின் காமன்வெல்த்' என்னும் அமைப்பு ஒருங்கிணைக்கிறது. காயின் உட்குழி வரை செல்லும் துளையோ பிளவோ இருந்தால் எத்தனை எடை இருப்பினும் காய் தகுதி இழக்கும். இதனால் எடையைக் கூட்ட வேண்டும் என்பதும் காயைக் காக்க வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று முரணான நோக்கங்களாக அமைகின்றன. முழுவதும் பச்சை, நீலம் அல்லது சாம்பல் நிறமுள்ள காய்கள் தனிப்பிரிவில் எடையிடப்படுகின்றன. தோட்டத்தில் இருக்கும்போது காயின் சுற்றளவையும், மேற்புறமாகக் குறுக்கிலும் நெடுக்கிலும் எடுத்த அளவுகளையும் கூட்டி எடையை மதிப்பிடுவர்.

விதைப் பரிமாற்றம்

ஒவ்வொரு காயின் விதையும் அதன் எடை (இறாத்தலில்), வளர்த்தவரின் குடும்பப் பெயர் ஆகியவற்றால் அழைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 2012 இன் சாதனைக் காயின் விதை '2009 வாலஸ்' எனப்படும். தாய்க் காயும் மகரந்தம் தந்த செடியும் பதிவு செய்யப்படுவதால் விதையின் வழிமுறையைப் பல தலைமுறை பின்னோக்கி அறியலாம். சிறந்த விதைகள் ஏலத்தில் உயர்ந்த விலைக்குப் போவதுண்டு. ஆயினும் வளர்ப்போர் பலர் தம் போட்டியாளருக்கே விதைகளை இலவசமாக வழங்குகின்றனர். எடை இத்தனை விரைவாக உயர்ந்ததற்கு இப்பகிர்வு ஒரு முக்கியக் காரணம் ஆகும்.

பயன்கள்

பெரும்பூசணி உண்ணத்தக்கதே எனினும் சுவை குறைந்தது, நீர்த்தன்மை மிக்கது. போட்டிக்குப் பின் காய்கள் காட்சிக்கு வைக்கப்படும், செதுக்கப்படும், கால்நடைகளுக்குத் தீவனமாகவும் அளிக்கப்படும். உட்புறம் குடையப்பட்ட காய்களைப் படகாகக் கொண்டு துடுப்பு வலிக்கும் போட்டி வின்சர் நகரில் 1999 இல் தொடங்கியது. காயை அறுத்ததும் விதைகளைக் கழுவி உலர்த்தி அடுத்த பருவத்திற்குச் சேமிப்பது வளர்ப்போரின் வழக்கம் ஆகும்.