கூத்து, அச்சு, அரசியல்: வட இலங்கைக் கிறிஸ்தவத்தின் சமூக வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

வட இலங்கைக் கிறிஸ்தவத்தின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் கல்லூரிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வட்டுக்கோட்டை செமினரி, உடுவில் மகளிர் பாடசாலை, உதயதாரகைப் பத்திரிகை, வேதாகம மொழிபெயர்ப்பு என்பன திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. இவற்றின் முக்கியத்துவத்தை நாம் மறுக்கவில்லை. ஆயின் இவ்வாறு எழுதப்படும் வரலாற்றில், எழுத்தறிவும் உத்தியோகமும் பெற்ற ஒரு பிரிவினரின் மதமே 'கிறிஸ்தவம்' என்ற பொதுப்பெயரைப் பெற்றுவிடுகின்றது. மன்னாரிலும் குருநகரிலும் பாஷையூரிலும் நாவாந்துறையிலும் வாழ்ந்த கடற்றொழிலாளர் தம் விசுவாசத்தை எவ்வாறு விளங்கிக்கொண்டனர், அதனை எக்கலை வடிவத்திற் பேணினர் என்ற வினா, 'நாட்டார் வழக்கியல்' என்ற தனி அறைக்குள் ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. கூத்து, அச்சு, அரசியல் ஆகிய மூன்றினையும் ஒருசேர வைத்து நோக்கும்போதே இம்மதத்தின் சமூக முகம் தெளிவாகும் என்பது எமது கருத்தாகும்.

1. களரியிற் கண்ட மதம்

போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரையும் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தையும் கைப்பற்றினர். எனினும் கத்தோலிக்கம் மன்னார்க் கரையோர மக்களிடையே அதற்கு முன்னரே வேர்விட்டிருந்தது. 1544 இல் சங்கிலி மன்னனின் ஆணையால் மன்னாரில் மதம் மாறியோர் கொல்லப்பட்டமை இதற்குச் சான்றாகும். போர்த்துக்கேயர் காலத்திலேயே ஞானப்பள்ளு, சந்தியாகுமையோர் அம்மானை முதலிய நூல்கள் தோன்றின. பள்ளு, அம்மானை ஆகிய இரண்டுமே பொதுமக்கட் சார்புடைய இலக்கிய வடிவங்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. புதிய மதம் புதிய வடிவத்தைக் கொண்டுவரவில்லை. மக்கள் ஏலவே அறிந்திருந்த வடிவத்தினுள்ளேயே அது குடிபுகுந்தது.

1658 இல் ஒல்லாந்தர் ஆட்சி ஏற்பட்டதும் நிலைமை மாறியது. கத்தோலிக்கக் குருமார் விலக்கப்பட்டனர். அரச பதவிகளை விரும்பியோர் சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறவேண்டியவராயினர். கோவாவிலிருந்து 1687 இல் மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளும், 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் மறைமுகமாகவே தம் பணியைத் தொடங்க நேர்ந்தது. கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதினார். அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஆலயங்களிற் பாடப்பட்டு வந்தது. குருமாரின்றிப் பல்லாண்டு வாழ்ந்த ஒரு சமூகம், தன் விசுவாசத்தைப் பாட்டாலும் நினைவாலும் ஒப்பாரியையொத்த ஓசையாலும் காத்துக்கொண்டது என்பதனை இங்கு நாம் கவனித்தல் வேண்டும்.

இப்பின்னணியிலேயே கத்தோலிக்க நாட்டுக்கூத்தை விளங்கிக்கொள்ளவேண்டும். மூவிராசர் நாடகம், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம், ஞானசவுந்தரி நாடகம், எஸ்தாக்கியார் நாடகம் என்பன புனிதரையும் அரசரையும் வேதசாட்சிகளையும் பாத்திரங்களாகக் கொண்டவை. கதைமாந்தர் ஐரோப்பியர், ஆனால் அவர்கள் விருத்தத்திலும் தருவிலும் பேசுகின்றனர். கட்டியகாரன் கூறியம் கூற, ஐரோப்பியச் சக்கரவர்த்தி தமிழ்க் கூத்து மன்னனாகக் கொலுவீற்றிருக்கின்றான். மன்னாரில் வடபாங்கு, தென்பாங்கு என இரு மரபுகள் வளர்ந்தன. கூத்தின் சுருங்கிய வடிவமான வாசாப்பும் அங்கு வழங்கியது. ஆலயத் திருவிழாவை ஒட்டி, நேர்த்தியாகவும் இவை ஆடப்பட்டன. அண்ணாவியாரே இங்கு ஆசிரியர், நெறியாளர், வேத விளக்கம் தருபவர். எழுத்தறியாத ஒருவர் ஏரோதின் கொடுங்கோன்மையையும் ஞானசவுந்தரியின் துயரையும் அறிந்தது நூலிலிருந்தன்று. விடியும்வரை களரியின் முன் அமர்ந்திருந்தமையாலாகும்.

இம்மரபின் செல்வாக்குத் தமிழரோடு நின்றுவிடவில்லை. மேற்குக் கரையோரக் கத்தோலிக்கரின் வழியாகவே தமிழ்க் கூத்து சிங்கள 'நாடகம' என்னும் வடிவமாயிற்று. அம்மரபினை ஆதாரமாகக் கொண்டே எதிரிவீர சரச்சந்திர 1956 இல் 'மனமே' நாடகத்தைத் தயாரித்தார். சிங்கள நவீன அரங்கின் திருப்புமுனையாகப் போற்றப்படும் ஒரு படைப்பின் வேர், கரையோரத் தமிழ்க் கத்தோலிக்கரின் களரிவரை செல்கின்றது. இன அடிப்படையிற் பண்பாட்டு வரலாறு எழுதுவோர் இரு பக்கங்களிலும் இவ்வுண்மையை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

2. அச்சிற் கண்ட மதம்

தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்றான தம்பிரான் வணக்கம் 1578 இல் கொல்லத்தில் வெளிவந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொழும்பில் அச்சகம் நிறுவினர். பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழ்ப் போதகரின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1759 இல் வெளியாயிற்று. ஆயினும் அச்சு ஒரு சமூக சக்தியாக மாறியது 19 ஆம் நூற்றாண்டிலேயாகும்.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். 1820 இல் அவர்கள் வரவழைத்த அச்சாளர் இலங்கையில் தங்குதற்குப் பிரித்தானிய ஆட்சியினர் அனுமதி மறுத்தனர். அச்சியந்திரத்தின் வலிமையை மிஷனரிமாருக்குச் சமமாக ஆட்சியாளரும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. 1830 களின் நடுப்பகுதியில் மானிப்பாயில் அவர்களது அச்சகம் இயங்கியது. 1841 சனவரியில் ஹென்றி மாட்டின், செத் பேசன் என்னும் இரு யாழ்ப்பாணத்தவரை ஆசிரியராகக் கொண்டு உதயதாரகை வெளிவரலாயிற்று.

இம்முயற்சிகளின் விளைவு மிஷனரிமார் எதிர்பார்த்ததன்று. பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்ற ஆறுமுகநாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் அடுத்த ஆண்டில் அச்சியந்திரசாலையையும் நிறுவினார். பிரசங்கம், பாடசாலை, வசனநடை, துண்டுப்பிரசுரம் ஆகிய மிஷனரி ஆயுதங்கள் அனைத்தும் சைவத்தின் ஆயுதங்களாயின. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855 இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி விசுவாசிகளைவிட உத்தியோகத்தரையே உருவாக்குகின்றது என்ற மனக்குறை அதற்கொரு காரணமாகும். அங்குப் பயின்று 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, கிறிஸ்தவராகப் பிறந்து சைவராக வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஆக, செமினரியின் தலைசிறந்த பயன் மதமாற்றத்தில் அன்று. தமிழ்ப் பதிப்புத்துறையிலேயே காணக்கிடக்கின்றது.

எனினும் அச்சுக் கலாசாரத்தின் எல்லையையும் நாம் குறிப்பிடவேண்டும். செமினரி மாணவருட் பெரும்பான்மையோர் வேளாளர். நாவலரின் சைவ மறுமலர்ச்சியும் சாதியமைப்பை ஏற்றுக்கொண்டே நடைபெற்றது. கண்டனப் பிரசுரங்களில் எதிரெதிராக நின்ற இரு தரப்பாரும் பெரும்பாலும் ஒரே சமூகத் தளத்தினின்றே எழுதினர். சண்டை வேதத்தைப் பற்றியதாயிருந்தது. நிலத்தையும் கிணற்றையும் பற்றியதாயிருக்கவில்லை.

பெண்கல்வி இதற்கு ஒரு விலக்கைத் தந்தது. 1824 இல் தொடங்கிய உடுவிற் பாடசாலையும் அதைப் பின்தொடர்ந்தவையும் எழுதப்படிக்கத் தெரிந்த பெண்களின் ஒரு தலைமுறையை உருவாக்கின. 1914 இல் வெளிவந்த மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' அத்தலைமுறையின் குரலாகும். தலைப்பே சங்கீதப் புத்தகத்தின் சாயலுடையது. வேதாகமத்தில் மனந்திரும்புதலைக் குறிக்கும் ஒரு சொற்றொடர், இங்கு இல்லறத்தில் நொந்த பெண்ணின் நிலையைக் குறிக்கின்றது. மதமொழி சமூக விமரிசன மொழியாக மாறியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

3. அரசியலிற் கண்ட மதம்

1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், மதசார்பற்ற ஓர் இயக்கம். ஆயினும் அதன் மையமாக விளங்கிய ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவர். மிஷன் கல்லூரி ஆசிரியர். 1927 இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை, பாடசாலைகளிற் சமபந்தி, சமஆசனம் ஆகியவற்றிற்கான கோரிக்கை, முழுச் சுதந்திரம் வேண்டி 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தமை என்பன இவ்வியக்கத்தோடு இணைந்தவை. அப்பகிஷ்கரிப்பால் வடக்கின் 4 தொகுதிகள் வெறுமையாயின. மிஷன் கல்லூரியின் ஆங்கிலக் கல்வி, அதனை வழங்கிய ஏகாதிபத்தியத்திற்கு எதிராகவே திரும்பியமை இயக்கவியல் ரீதியாக நோக்கத்தக்கது.

1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய சா. ஜே. வே. செல்வநாயகம் கிறிஸ்தவராகவே 1977 இல் மறைந்தார். சைவர் பெரும்பான்மையினராகவுள்ள மக்கள் அவரைத் 'தந்தை' என அழைத்தனர். மொழி மதத்தை மேவி நின்றமைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. மொழியின் பெயரால் மத எல்லை கடக்கப்பட்டது. சாதியெல்லை அவ்வளவு எளிதிற் கடக்கப்படவில்லை. கத்தோலிக்கக் கிராமங்களிலும் சாதிக்கொரு ஆலயம் என்ற நிலை காணப்பட்டது.

இக்குறையைச் சுட்டியவர்களும் கிறிஸ்தவச் சூழலிலிருந்தே வந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. கே. டானியல், டொமினிக் ஜீவா, எஸ். அகஸ்தியர் ஆகிய முற்போக்கு எழுத்தாளரின் பெயர்களே இதனைக் காட்டும். அவர்கள் நியாயத்தைத் தேடியது ஆலயத்தில் அன்று, இடதுசாரி இயக்கத்திலாகும். 1966 இல் ஜீவா தொடங்கிய 'மல்லிகை'யும், 1972 இல் வெளிவந்த டானியலின் 'பஞ்சமர்' நாவலும் அத்தேடலின் பயன்கள். அனைவரும் ஒரே பந்தியில் அமர்வர் என்று போதித்த சபை அதனை நடைமுறைப்படுத்தாதபோது, அப்போதனையை வேறோர் இயக்கம் ஏற்றுக்கொண்டது. அவர்தம் எழுத்தை நாத்திகம் என்று மட்டும் ஒதுக்குவோர், அது யாருடைய வாக்குத் தவறியமைக்கான சாட்சியம் என்பதனையும் சிந்திப்பாராக.

4. முடிவாக

1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசுடைமையாயின. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டிற் சுதேச மொழிகளுக்கு இடமளித்தது. இவ்விரு நிகழ்வுகளும் சபையை மக்களின் பண்பாட்டை நோக்கித் திருப்பின எனலாம். 1960 களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்க் கூத்துக்களைப் பதிப்பித்தார். 1965 இல் மரிய சேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தோற்றுவித்தார். ஏட்டிற் கிடந்த கூத்து அச்சையும், கிராமக் களரி நகர மேடையையும் அடைந்தன.

ஆனால் எஞ்சியது சிறிதே. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்ததாக யாழ்ப்பாணம் இன்றும் நினைவுகூருகின்றது. அச்சு நூல்களுக்கேனும் பிறிதோரிடத்திற் பிரதிகள் இருந்தன. கையெழுத்துப் பிரதிகளாக அண்ணாவிமார் வீடுகளிலிருந்த கூத்துக்களுக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. 1990 களின் இடப்பெயர்வுகளில், உடுத்த துணியோடு புறப்பட்ட குடும்பங்கள் கொப்பிகளைச் சுமந்து செல்லவில்லை.

எனவே இங்குப் பேசப்படுவது வெறும் கலையார்வம் அன்று. கல்லூரிகளின் வரலாறு ஆண்டறிக்கைகளில் உள்ளது. மிஷனரிமாரின் வரலாறு பொஸ்ரன், லண்டன் ஆவணக்காப்பகங்களிற் பத்திரமாக உள்ளது. கடற்றொழிலாளரின் கிறிஸ்தவம் மட்டுமே மனிதரின் நினைவிலும் தொண்டையிலும் தங்கியுள்ளது. அம்மனிதர் முதியோர். பல்கலைக்கழகங்கள் அவர்களிடம் செல்லும்வரை, வட இலங்கைக் கிறிஸ்தவத்தின் வரலாறு பாதியே எழுதப்பட்டதாக இருக்கும். எழுதப்படாத பாதியே பெரும்பான்மையோருடையது.