மடிநாயும் மந்தைநாயும்

சில மாதங்களுக்கு முன்னர் லண்டனிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, வீட்டில் ஒரு வழக்கு. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும்" என்றான். நாய் வளர்ப்பதென்று முடிவாகிவிட்டது. எந்த நாய் என்பதில்தான் பிணக்கு. பிள்ளைகளுக்கு ஆட்டு மந்தையைச் சுற்றி ஓடும் போடர் கொலி வேண்டுமாம். பகலெல்லாம் அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் அவர்களுடைய அப்பம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, மடியில் கிடக்கும் சிறு நாய் போதுமாம்.

நீண்டகாலம் பத்திரிகையில் இருந்தவனிடம் எதைக் கேட்டாலும் வரலாற்றைத்தான் சொல்வான். நானும் விக்டோரியா மகாராணியின் கதையைச் சொன்னேன். இவ்விரு வகை நாய்களையும் வளர்த்தவர் அவர்.

1838 ஜூன் 28ஆம் திகதி அவருக்கு முடிசூட்டு விழா நடைபெற்றது. வயது பத்தொன்பது. விழா முடிந்து அரண்மனைக்குத் திரும்பியதும் டாஷ் என்ற தமது சிறு ஸ்பானியல் நாயைக் குளிப்பாட்டினார். கடும் கட்டுப்பாட்டில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு டாஷ் நெருங்கிய தோழனாக இருந்தது. மடிநாய்க்கு வேலை இல்லை என்பார்கள். உடனிருப்பதே அதன் வேலை.

அந்த வேலையின் மறுபக்கத்தை இன்னொரு நாய் காட்டுகின்றது. 1860இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகருக்கு அருகிலிருந்த சீனப் பேரரசரின் கோடைகால மாளிகையைச் சூறையாடின. கைவிடப்பட்டு நின்ற சிறு பெக்கினீஸ் நாய்கள் சிலவும் படையினரிடம் சிக்கின. அவற்றில் ஒன்றைக் கப்டன் டன் என்பவர் கொண்டுவந்து மகாராணிக்கு அளித்தார். அதற்கு இடப்பட்ட பெயர் லூட்டி. நம்மவர் பேச்சில் லூட்டி என்றால் குறும்பு. அங்கேயோ அது கொள்ளைப் பொருள் என்பதைச் சொல்லும் பெயர். தன் மனிதர்களோடு இருப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட உயிர், அவர்களை இழந்து அயல்நாட்டில் 1872 வரை வாழ்ந்து மடிந்தது.

ஸ்கொட்லாந்தின் பல்மோரலில் தங்கத் தொடங்கியபின் மகாராணியின் மனம் மேய்ப்பர்களின் கொலி நாய்களை நாடியது. 1864இல் பிறந்த ஷார்ப் அவருடைய செல்ல நாய்களுள் ஒன்று. அரண்மனை விரும்பியதை ஊரும் விரும்பியது. கண்காட்சிகளுக்காக நீண்ட முகமும் அடர்ந்த ரோமமும் பார்த்துக் கொலிகளைப் பெருக்கினார்கள்.

மேய்ப்பர்கள் அழகைப் பார்க்கவில்லை. 1873இல் வேல்ஸில் உள்ள பாலா என்னும் ஊரில் மந்தைநாய்களின் திறனைச் சோதிக்கும் போட்டி நடைபெற்றது. 1893இல் நோர்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப், குரைக்காமலும் கடிக்காமலும் பார்வையாலேயே ஆடுகளை அடக்கியது. இன்றைய போடர் கொலிகளின் மூதாதை அதுவே. 1901இல் அது மடிந்தது. அதே ஆண்டு ஜனவரி 22இல் விக்டோரியாவும் மறைந்தார். மரணப் படுக்கையில் அவர் அருகே கிடந்தது டூரி என்ற சிறு பொமரேனியன்.

மந்தைநாயின் தொழில் உண்மையில் வேட்டைதான். பதுங்குதல், உற்றுநோக்குதல், துரத்துதல் எல்லாம் உண்டு. கொல்வது மட்டும் இல்லை. ஆடில்லாத வீட்டில் அத்தொழில் மறைந்துவிடாது. பிள்ளைகளையும் துவிச்சக்கரவண்டிகளையும் சுற்றி வளைக்கும். மாடுகளின் குதிகாலைக் கடித்து ஓட்டப் பழகிய கோர்கி இனத்தைச் சேர்ந்தது சூசன். 1944இல் எலிசபெத் இளவரசியின் பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் பரிசாக வந்தது. அரண்மனையில் மாடில்லை. கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பவரின் கணுக்காலைக் கடித்து வைத்தது.

"ஆகவே, எந்த நாய் அழகு என்று கேட்காதே. ஜனவரி மழையில் காலை ஆறு மணிக்கு அதனுடன் ஓடப்போவது யார், பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கப்போவது யார் என்று கேள்" என்றேன். மறுமுனையில் சற்று மௌனம். பிள்ளைகளுக்குக் கால் உண்டு, நேரமில்லை. அக்காவுக்கு நேரம் உண்டு, கால் இடம் கொடுக்காது.

சென்ற வாரம் அக்கா பேசினாள். பின்னணியில் மெல்லிய குரைப்பு. ஆண்டு தவறாமல் நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவள். "இந்த முறை வரேலாது தம்பி" என்றாள். "நான் இல்லாட்டி இது சாப்பிடாதாம். ஆரிட்டை விட்டிட்டு வாறது?"

லூட்டியின் கதையை அவளிடம் நான் சொல்லவில்லை.