தென்னார்க்காட்டுப் புலம்பெயர்வும் கட்டாய மருத்துவக் காப்பீடும்

வேலைக்கோ படிப்புக்கோ வேறு நாட்டில் தங்குபவருக்கு மருத்துவக் காப்பீடு இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் விதிப்பது கட்டாய மருத்துவக் காப்பீடு எனப்படும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து மக்கள் கடல்கடந்து வேலைக்குச் செல்லத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அயல்நாட்டில் நோயுற்றால் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை இருந்துள்ளது. காப்பீட்டைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை இவர்களில் ஒரு பகுதியினருக்கு அண்மைக் காலத்தில்தான் கிடைத்தது.

பின்னணி

இன்றைய விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காட்டின் வட்டங்களாக இருந்தன. மானாவாரி நிலம், அடிக்கடி பொய்க்கும் மழை, நிலமற்ற கூலிகளின் கடன் சுமை ஆகியவை மக்களை ஊரைவிட்டு வெளியேறச் செய்தன. 1876–78 பஞ்சம் இந்தப் போக்கை மேலும் தூண்டியது. சென்னையையும் தென்மாவட்டங்களையும் இணைக்கும் இருப்புப்பாதையில் திண்டிவனமும் விழுப்புரமும் அமைந்திருந்ததால் துறைமுகங்களை அடைவது எளிதாயிற்று.

ஒப்பந்தக் கூலிக் காலம்

1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற 'ட்ரூரோ' கப்பலுடன் தென்னாப்பிரிக்காவுக்கான ஒப்பந்தக் கூலிப் புலம்பெயர்வு தொடங்கி 1911 வரை நீடித்தது. இதில் வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு மாவட்டத்தினர் கணிசமாக இருந்தனர். ஒப்பந்தத்தில் கூலி, உணவுப்படி, தங்குமிடம் ஆகியவற்றோடு மருத்துவமும் முதலாளியின் பொறுப்பாகக் குறிக்கப்பட்டது. ஆனால் வேலைக்கு வராத நாளுக்குக் கூலி பிடிக்கப்பட்டது. ஆகவே மருந்து இலவசமாக இருந்தாலும் நோய் தொழிலாளிக்கு இழப்பாகவே அமைந்தது. நோயாளி உண்மையில் நோயாளிதானா என்பதைத் தோட்ட நிர்வாகமே முடிவு செய்த இடங்களில் ஒப்பந்தத்தின் மருத்துவ விதி பெயரளவில் நின்றது.

மலாயாத் தோட்டங்கள்

தென்னார்க்காட்டிலிருந்து பெருமளவில் ஆட்கள் சென்ற மற்றொரு நாடு மலாயா. கங்காணிகள் சொந்த ஊருக்கு வந்து ஆள் சேர்த்தனர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடிபெயர்வோர் முகாம்கள் வழியாக அவர்கள் கப்பலேறினர். காடழித்து ரப்பர் பயிரிட்ட தோட்டங்களில் மலேரியா பலரைப் பலிகொண்டது.

அங்கு 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. இதன்படி இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். தோட்டங்களின் சுகாதாரமும் மருத்துவ வசதியும் 1923ஆம் ஆண்டு மலாயாத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின் கீழ் முறைப்படுத்தப்பட்டன. அப்போதும் காப்பீடு என்ற ஏற்பாடு இல்லை. தோட்டத்தை விட்டால் தோட்ட மருத்துவமனையின் கதவும் மூடப்படும். நலிந்தவர் ஊர் திரும்பும் செலவு முதலாளிகள் பணம் செலுத்திய குடியேற்ற நிதியிலிருந்து வழங்கப்பட்டது. 1938இல் உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவிப் பயணமாக மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது.

வளைகுடா வேலையும் இந்திய அரசின் காப்பீடும்

1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் புதிய வேலைக்களமாயின. 1922ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1983இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை என்ற நடைமுறை வந்தது.

இவ்வாறு அனுமதி பெற்றுச் செல்வோருக்காக 2003 டிசம்பரில் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற கட்டாயக் காப்பீடு தொடங்கப்பட்டது. 2017இல் திருத்தப்பட்ட வடிவில் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் மூன்று ஆண்டுக்கு 375 ரூபாயும் கட்டணம், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்று வேலை இழந்தாலோ 10 லட்சம் ரூபாயும், மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலும் காப்பு உண்டு. முதலாளி மாறினாலும் விபத்துக் காப்பு தொடரும் என்பது இதன் முக்கியக் கூறு. நீண்டகால நோய்க்கு வெளிநாட்டில் ஆகும் செலவை இந்தத் தொகை ஈடுசெய்யாது. அதற்கு வேலை செய்யும் நாட்டின் காப்பீடே துணை.

முதலாளி மீது கட்டாயம்

சவூதி அரேபியா 1999இல் கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றி, பின்னர் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. அபுதாபியில் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் துபாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளிக்குக் காப்பீடு எடுப்பதை முதலாளியின் கடமையாக்கின. 2025 ஜனவரி 1 முதல் ஐக்கிய அரபு அமீரகத்தின் மற்ற அமீரகங்களுக்கும் இக்கடமை விரிந்தது. அங்கு அடிப்படைக் காப்பீட்டின் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹாம்.

சிங்கப்பூரில் 2008 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுக்கவேண்டும். குறைந்தபட்சக் காப்புத் தொகை 2010இல் ஆண்டுக்கு 15,000 வெள்ளியாகவும், 2023 ஜூலையில் 60,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. மலேசியா 2011இல் இதைப்போன்ற ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

இந்நாடுகளில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலாளி. அட்டை செல்லும் மருத்துவமனைகள் எவை, தன் பங்காக எவ்வளவு கட்டவேண்டும் என்பதைத் தொழிலாளி பெரும்பாலும் நோயுற்ற பிறகே அறிகிறார். வேலையோடு வந்த காப்பீடு வேலையோடு போய்விடும். மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்பவரின் நிலை வேறு. துபாய்ச் சட்டப்படி அவர்களுக்குக் காப்பீடு எடுப்பது விசாவுக்குப் பொறுப்பேற்பவரின் கடமை. குடும்பத் தலைவர் அந்த இடத்தில் தேர்வு செய்பவராகிறார்.

குடியிருப்பவர் மீது கட்டாயம்

ஐரோப்பாவில் முறை மாறுகிறது. தொழிலாளருக்கான கட்டாய மருத்துவக் காப்பீட்டை ஜெர்மனி 1883இலேயே கொண்டுவந்தது. திண்டிவனம், விழுப்புரம் பொறியியல் கல்லூரிகளில் படித்து ஜெர்மனியில் மேற்படிப்புக்குச் சேரும் மாணவர் காப்பீட்டுச் சான்று இன்றிப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய முடியாது. பொதுக் காப்பீட்டு நிதியங்களில் அடிப்படைக் கட்டணம் ஊதியத்தில் 14.6 விழுக்காடு, முதலாளியும் ஊழியரும் பாதிப்பாதி செலுத்துவர். நிதியத்துக்கு நிதியம் மாறுவது கூடுதல் கட்டணமே. வருமானமில்லாத மனைவி அல்லது கணவரும் பிள்ளைகளும் தனிக் கட்டணமின்றிச் சேர்க்கப்படுவர்.

உயர் ஊதியம் பெறுவோர் தனியார் காப்பீட்டுக்குச் செல்லலாம். அங்கு கட்டணம் சேரும்போதுள்ள வயதையும் உடல்நிலையையும் பொறுத்தது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. 55 வயதுக்குப் பின் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது மிகக் கடினம். இளமையில் மலிவாகத் தெரியும் தேர்வு முதுமையில் சுமையாகலாம்.

ஈழத்தமிழர் பெருமளவில் குடியேறிய சுவிட்சர்லாந்தில் 1996 முதல் அடிப்படைக் காப்பீடு அனைவருக்கும் கட்டாயம். குடியேறிய மூன்று மாதத்துக்குள் எடுக்கவேண்டும். நோயைக் காரணம் காட்டி எந்த நிறுவனமும் மறுக்க முடியாது. அடிப்படைப் பயன்கள் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றே. வேறுபடுவன கட்டணம், சேவை, மருத்துவரை அணுகும் முறை ஆகியவை. பெரியவர் ஒருவர் ஆண்டுதோறும் முதலில் தானே ஏற்கும் செலவை 300 முதல் 2,500 பிராங்க் வரை தேர்ந்தெடுக்கலாம். அத்தொகை கூடினால் மாதக் கட்டணம் குறையும்.

விழுப்புரத்தில் குடியிருக்கும் அயல்நாட்டினர்

இதே மாவட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து வாழ்வோரும் உண்டு. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாழ் இலங்கைத் தமிழர்கள் வருமான வரம்பின்றிச் சேர்க்கப்பட்டுள்ளனர். கட்டணத்தை அரசே செலுத்துகிறது. இங்கு காப்பு முதலாளியையோ சம்பளத்தையோ சார்ந்ததன்று.

மதிப்பீடு

தோட்ட மருத்துவமனை, முதலாளி வாங்கித்தரும் அட்டை, குடியிருப்பவரே தெரிவு செய்யும் காப்பீடு, அரசு வழங்கும் அட்டை ஆகிய நான்கிலும் சட்டம் உண்டு. சட்டத்தின் கட்டாயம் யார் மீது விழுகிறது என்பதே அவற்றை வேறுபடுத்துகிறது. முதலாளி மீது விழுந்தால் தொழிலாளிக்குச் செலவில்லை, தேர்வும் இல்லை. குடியிருப்பவர் மீது விழுந்தால் தேர்வும் அதன் விளைவும் அவருடையவை. தென்னார்க்காட்டிலிருந்து சென்ற முதல் தலைமுறைக்கு வேலையும் மருந்தும் ஒரே கையிலிருந்து வந்தன. இன்றைய வளைகுடாத் தொழிலாளிக்கும் பெரும்பாலும் அப்படியே. ஆதலால் வேலை முடிந்த மறுநாள் யார் பொறுப்பு என்பது, கட்டணம் எவ்வளவு என்பதற்கு முன்பாகக் கேட்கப்படவேண்டிய கேள்வியாக இருந்துவருகிறது.