இறங்கும் பக்கம்

அமெரிக்க வீடுகளில் ‘கிரிப்’ என்பது நாலு பக்கமும் மர ரீப்பர் அடித்த சின்னக் கட்டில். பெற்றோர் பக்கத்து அறையில் தூங்குவார்கள், குழந்தை ராத்திரி முழுக்க இதில் தனியாகக் கிடக்கும். ஆள் பார்வை இல்லாமல் விட்டுவிட்டுப் போகலாம் என்ற நம்பிக்கையை விற்கும் சாமான் இது. அந்த நம்பிக்கைக்குச் சட்டம் எப்போது பொறுப்பேற்றது என்பதுதான் விஷயம்.

முதல் கட்டாய விதி 1973இல் வந்தது. ரீப்பர்களுக்கு நடுவே 2⅜ அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. கிட்டத்தட்ட 6 செ.மீ. அதைவிட அகலமாக இருந்தால் குழந்தையின் உடம்பு கால்வழியாக நழுவி வெளியே வந்துவிடும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். சோடா கேன் இடைவெளிக்குள் நுழைந்தால் அந்தக் கிரிப் வேண்டாம் என்று இன்றும் அங்கே சொல்வார்கள்.

நல்ல விதி. ஆனால் அது பெரும்பாலும் டேப் வைத்து அளக்கக்கூடிய விதி. ஒரு பக்கத்தை மட்டும் கீழே இறக்கிக் குழந்தையைத் தூக்கும் வசதி அப்போது எல்லாக் கிரிப்பிலும் சகஜம். குனிந்து குனிந்து முதுகு போன அம்மாக்களுக்கு அது வரம். இறக்கிய நிலையில் அந்தப் பக்கம் எவ்வளவு உயரம் இருக்கணும் என்பதற்குக்கூட விதியில் எண் உண்டு. அதைத் தாங்கும் கொக்கி பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்பதுதான் ஆபத்தான கேள்வி. 1981இல் சட்டத்தைத் திருத்தி, முடிந்தவரை தொழில்துறையின் தன்னார்வத் தரங்களையே நம்பும்படி நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையைக் கட்டினார்கள். தயாரிப்பவரே டெஸ்ட் கேஸும் எழுதினால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1998 மே 12. சிகாகோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் டேனி கீசார் தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. ப்ளேஸ்கூல் பெயரில் விற்ற, மடித்து எடுத்துப்போகும் கிரிப் அது. மேல் சட்டங்கள் V மாதிரி மடங்கி அவன் கழுத்தை நெரித்துவிட்டன. அந்த மாடலை 1993லேயே திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்திருந்தார்கள். ஐந்து வருஷமாகியும் காப்பகத்துக்குச் செய்தி வந்து சேரவில்லை.

எனக்கு இந்த வரலாற்றின் மையம் இந்த ஐந்து வருஷம்தான். விதி விற்பனையைப் பார்த்தது. கிரிப்போ அக்காவிடமிருந்து தங்கைக்கு, தெரு விற்பனையிலிருந்து காப்பகத்துக்கு என்று கைமாறிக்கொண்டே இருக்கும் சாமான். முதல் பிள்ளைக்குப் பூட்டி, கழற்றிப் பரணில் போட்டு, ரெண்டாவது பிள்ளைக்கு ஒரு திருகு குறைவாக மறுபடி பூட்டுவார்கள். பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்து ஒரு மூலை விட்டுப்போனால், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே குழந்தை விழும் அளவுக்கு இடம் உண்டாகிவிடும்.

டேனியின் பெற்றோர் இருவருமே சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். ‘கிட்ஸ் இன் டேஞ்சர்’ அமைப்பைத் தொடங்கி விடாமல் போராடினார்கள். திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பதையும் காப்பகங்களில் வைத்திருப்பதையும் இல்லினாய் மாநிலம் 1999இல் தடை செய்தது. 2008 ஆகஸ்டில் வந்த தேசியச் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு டேனியின் பெயரே வைக்கப்பட்டது. கிரிப் வாங்குபவருக்குத் தபால்தலை ஒட்டத் தேவையில்லாத பதிவு அட்டை ஒன்றையும் சேர்த்துத் தரணும் என்கிறது அது. யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தானே சொல்லியனுப்ப முடியும்?

2007இலிருந்து 2010 வரை 1.1 கோடிக்கும் மேற்பட்ட கிரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. இறங்கும் பக்கம் கழன்றதால் 2000க்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகள் இறந்திருந்தார்கள். 2010 டிசம்பரில் ஆணையம் ஒருமனதாகப் புது விதியை நிறைவேற்றியது. 2011 ஜூன் 28 முதல் அந்த வகைக் கிரிப்பை யாரும் விற்கக்கூடாது. யாரும் என்றால் கடைக்காரர் மட்டுமில்லை, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பவரும்தான். காப்பகங்களும் ஹோட்டல்களும் 2012 டிசம்பர் 28க்குள் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்றார்கள்.

பழைய கிரிப்பை வைத்திருந்த வீடுகளுக்கு ஆணையம் சொன்ன யோசனை வேறு. யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். குப்பையில் போடும் முன் பாகம் பாகமாகக் கழற்றிவிடுங்கள், யாரும் எடுத்துப்போய்ப் பூட்டிவிடாதபடி.