செமன் டின்னும் பொட்டுலிசமும்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மீன் டின்னை நாங்கள் "செமன்" என்றே கேட்டு வாங்குகிறோம். உள்ளே பெரும்பாலும் வேறு மீன்தான். சால்மனின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1978 ஜூலையில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அசல் சால்மன் டின் ஒன்றைத் திறந்து சாப்பிட்ட 4 முதியவர்களுக்கு பொட்டுலிசம் வந்தது. 2 பேர் இறந்தார்கள். அலாஸ்காவிலிருந்து வந்த அந்த டின்னில் ஒரு சிறிய துளை இருந்தது.

இந்த நோய்க்குப் பெயர் வந்தது சொசேஜஸிலிருந்து. லத்தீனில் "பொட்டுலஸ்" என்றால் அதுதான். ஜேர்மனியில் சொசேஜஸ் சாப்பிட்டவர்கள் இறப்பதை 1820இல் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற வைத்தியர் எழுதிவைத்தார். அவர் கவிஞரும்கூட. அந்த நஞ்சைத் தன் உடம்பிலேயே சோதித்தும் பார்த்தார்!

கிருமி பிடிபட்டது 1895 டிசம்பரில். பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஒரு மையித்து வீட்டுக்கு வாசிக்க வந்த பேண்ட் குழுவினர் பதப்படுத்திய பன்றித் தொடையைச் சாப்பிட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். பேராசிரியர் வான் எர்மெங்கெம் ஆராய்ந்தபோது, அதே பன்றியின் மற்றத் தொடையைச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது. நஞ்சான தொடை பீப்பாயின் அடியில், உப்புநீருக்குள், காற்றுப்படாமல் கிடந்தது. காற்றில்லாத இடத்தில்தான் இந்தக் கிருமி வளர்கிறது.

பன்றிதானே, எங்களுக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 1996இல் குஜராத்தில் ஒரு விடுதிப் பாடசாலையில் 34 மாணவர்கள் நோயுற்று 3 பேர் இறந்தார்கள். சந்தேகம் விழுந்தது கடலை மாவில் செய்த சேவு மீது. அதே நஞ்சைச் சுரக்கும் இன்னொரு கிருமியை அதில் கண்டார்கள்.

மண்ணிலுள்ள இந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. அதனால்தான் டின் தொழிற்சாலைகளில் 121 பாகை வெப்பத்தில் 3 நிமிடம் என்ற கணக்கு வந்தது. நஞ்சு நரம்பு முனைகளைப் பூட்டிவிடும். இமை சரியும், பார்வை இரண்டாகும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு. பெரும்பாலும் காய்ச்சல் இராது, நினைவும் தப்பாது. ஆளைப் பார்த்தால் களைப்பு என்றுதான் நினைப்போம். இந்த அறிகுறிகள் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நஞ்சுமுறி மருந்து பிந்தினால் பயன் குறையும்.

எங்கள் பழைய சமையலில் இதற்குக் காவல் இருந்தது. கொறக்காய்ப் புளி போட்ட மீனிலும் வினாகிரி அச்சாறிலும் புளிப்பு, மாசியில் காய்ச்சல். இப்போது விலை பார்த்து, நசுங்கிய டின்னை மலிவாக வாங்குகிறோம். மூடி புடைத்த டின்னையும், மடிப்பு ஓரத்தில் நசுங்கியதையும், கசிவதையும் கறியாக்காமல் எறிந்துவிடுங்கள். மணம் நல்லாயிருக்கே என்று ருசி பார்க்கவும் வேண்டாம்.

இன்னொன்றை உம்மாமாரிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தொட்டு வைப்பது. தேனில் இந்த வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பது மிக அரிது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். 1976இல் கலிபோர்னியாவில்தான் இது தெரியவந்தது. ஒரு வயது வரை தேன் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள் வைத்தியர்கள். தஹ்னீக் பற்றிய ஹதீஸ்களில் வருவது பேரீத்தம்பழம்.