கொடுவாள்

வேலிக் கிளுவையைக் கழிக்கவும், ஆட்டுக்கு வெள்வேலங் கொப்பு வெட்டிப் போடவும், இளநீர் சீவவும் கொங்கு நாட்டுக் குடியானவன் எடுப்பது கொடுவாள். மற்றச் சீமைக்காரர்கள் அதை அரிவாள் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் பெயருக்குள் 'வாள்' இருக்கிறது. காட்டு வேலைக்கும் போருக்கும் ஒரே சொல்லை நம்மவர்கள் வைத்திருக்கிறார்கள்.

இது நம் ஊர்ச் சமாசாரம் மட்டும் அல்ல. பிலிப்பைன்ஸ் தீவுகளில் புதர் வெட்டவும் தேங்காய் உடைக்கவும் 'போலோ' என்று ஒரு கத்தி உண்டு. 1896-ல் ஸ்பானியர் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய குடியானவர்கள், துப்பாக்கி போதாமல் அதையே ஏந்திப் போனார்கள்.

கொங்கு நாட்டில் இரும்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை. நொய்யல் கரையில், சென்னிமலைக்கு அருகே உள்ள கொடுமணலைத் தோண்டிப் பார்த்தவர்கள், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய உருக்கு உலைகளைக் கண்டார்கள். கொல்லன் பட்டறையில் காய்ச்சுவதும் தட்டுவதும் தோய்ச்சல் போடுவதும் வாளுக்கும் கொடுவாளுக்கும் ஒன்றுதான்.

பிறகு கம்பெனி வந்தது. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கொங்கு நாடு அதன் கைக்குப் போயிற்று. 1801 டிசம்பரில் தென்பாளையங்களில் ஆயுதம் கூடாது என்று கவர்னர் கிளைவ் பிரகடனம் செய்தார். இங்கே எதிர்த்து நின்ற தீரன் சின்னமலையை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். 1878-ல் வந்த ஆயுதச் சட்டம், வாள் ஏந்திச் செல்லவும் லைசென்ஸ் கேட்டது.

ஆனால் கொடுவாளை என்ன செய்வது? அதைப் பிடுங்கிக்கொண்டால் வேலி ஏது, விறகு ஏது? சர்க்காருக்குக் கிஸ்திதான் ஏது? வாள் போயிற்று, கொடுவாள் நின்றது. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் வருஷச் சட்டமும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த கருவி ஆயுதம் ஆகாது என்று விலக்குக் கொடுத்திருக்கிறது.

சட்டம் சரிதான். அது கருவியாக இருப்பதும் ஆயுதமாக மாறுவதும் எந்தக் கணத்தில்? சிறு வயதில் ஒரு தரம் பார்த்தேன். எங்கள் ஊரில் பங்காளிகள் இரண்டு பேருக்கு வேலித் தகராறு. ஒருவர் கிளுவை கழித்துக்கொண்டிருந்தார். கொடுவாள் கையில் இருந்தது. மற்றவர் வந்து பேச, வார்த்தை தடித்தது. பிடியைப் பற்றியிருந்த விரல்கள் இறுகியதை நான் கண்டேன். கூட்டம் ஒதுங்கிற்று. ஓர் ஆத்தா மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"கண்ணு, அதக் கீழ வெச்சுப்போட்டுப் பேசு சாமி" என்றாள்.

அவர் கையில் இருந்ததை ஒரு தரம் பார்த்தார். அது அங்கே இருப்பது அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது. குனிந்து மண்ணில் வைத்தார்.

ஒரு நாட்டின் வாள்களை ஒடுக்கக் கம்பெனிக்குப் பட்டாளமும் பிரகடனமும் தூக்குமரமும் வேண்டியிருந்தன. கொடுவாளைக் கீழே வைக்கச் சொல்ல ஊரில் அந்த மாதிரி ஓர் ஆத்தா வேண்டும்.