இலங்கையின் நிறைவேற்று ஜனாதிபதி முறை

அரசின் தலைவரும் அரசாங்கத்தின் தலைவரும் ஒருவராகவே இருந்து, அவரை மக்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுப்பது ஜனாதிபதி ஆட்சிமுறை. நாடாளுமன்றத்தின் நம்பிக்கையை இழந்த பிரதமர் வீட்டுக்குப் போக வேண்டும். ஜனாதிபதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பே இதன் மூலவடிவம். அங்கே ஜனாதிபதியால் காங்கிரஸைக் கலைக்க முடியாது. காங்கிரஸ் நிதி ஒதுக்காமல் அவரால் செலவு செய்யவும் முடியாது. இந்தியா இந்த வழியை ஆராய்ந்து தவிர்த்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்த அம்பேத்கர், அமெரிக்க முறையில் நிலைத்தன்மை கூடுதல், நாடாளுமன்ற முறையில் பொறுப்பு கூடுதல் என்று ஒப்பிட்டு, வரைவு பொறுப்பின் பக்கம் நிற்பதாக விளக்கினார். முப்பது ஆண்டுகள் கழித்து இலங்கை நிலைத்தன்மையைத் தேர்ந்தது.

தோற்றமும் அதிகாரமும்

1972 அரசியலமைப்பின்படி ஜனாதிபதி வில்லியம் கோபல்லாவ பெயரளவுத் தலைவர் மட்டுமே. தேர்தல் அலைகளுக்கு ஆட்டம் காணாத தலைமை வளரும் நாட்டுக்குத் தேவை என்பது ஜே.ஆர். ஜெயவர்தன 1966இலிருந்தே சொல்லிவந்த கருத்து. 1977 தேர்தலில் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. அரசியலமைப்பைத் திருத்தி, ஜனாதிபதித் தேர்தல் எதையும் சந்திக்காமலே, 1978 பிப்ரவரி 4 அன்று அவர் முதல் நிறைவேற்று ஜனாதிபதியானார். செப்டம்பர் 7 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

அதன்படி ஜனாதிபதியே முப்படைத் தளபதி, அமைச்சரவைத் தலைவர். பிரதமரையும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் நியமிப்பவர் அவர். அவசரநிலையை அறிவிப்பவரும் அவரே. பதவியில் இருக்கும்வரை அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்றிருந்தது. பிரான்சின் 1958 முறையைப் போலப் பிரதமரும் அமைச்சரவையும் உண்டு. ஆனால் அமெரிக்க ஜனாதிபதிக்கு இல்லாத ஒன்றும் இவருக்குக் கிடைத்தது: நாடாளுமன்றத்தைக் கலைக்கும் உரிமை. இந்த முறையின் பெரிய கோளாறு இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து பதவிக்காலப் பாதுகாப்பு வந்தது, அங்குள்ள தடைகள் வரவில்லை.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. முக்கியப் போட்டியாளரான சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் 1980இல் பறிக்கப்பட்டன. 1982 அக்டோபரில் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயவர்தன வென்றார். பிறகு தம் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அதே டிசம்பரில், பொதுத்தேர்தலுக்குப் பதிலாக வாக்கெடுப்பு நடத்தி, நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டினார். அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழர்மீது வன்முறை அவிழ்த்துவிடப்பட்டபோது நாட்டில் இருந்தது அந்த நீட்டிக்கப்பட்ட நாடாளுமன்றம்தான்.

தமிழர் வாக்கு

1983க்குப் பின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர் அகதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தனர். வடசென்னையில், புழல் காவாங்கரையிலும் அவர்களுக்கான முகாம் இருக்கிறது. முகாமில் வாழும் இலங்கைக் குடிமக்களுக்கு இந்தியத் தேர்தலில் வாக்கில்லை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டத்திலும் இடமில்லை. ஊர் திரும்புவது, காணி மீள்வது, காணாமல் போனவர்கள் பற்றிப் பதில் கிடைப்பது என்று அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பலவும் கொழும்பில் அந்த ஒரு பதவியில் அமர்பவரைப் பொறுத்தவை.

இந்த முறைக்குச் சிறுபான்மையினரிடையே ஆதரவும் இருந்திருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. நாடு முழுவதும் ஒரே தொகுதி; பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். சிங்கள வாக்கு இரண்டாகப் பிரியும்போது தமிழரும் முஸ்லிம்களும் மலையகத்தாரும் முடிவைத் தீர்மானிக்கலாம். 2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் 2 சதவீதம்கூட வாக்குப் பதிவாகவில்லை. மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 1,80,000 வாக்குகளில் வென்றார். 2015இல் வடக்கும் கிழக்கும் திரண்டு வாக்களித்தன. அவர் மைத்திரிபால சிறிசேனவிடம் தோற்றார். ஆனால் 2019இல் யாழ்ப்பாணம் 80 சதவீதத்துக்கும் மேல் எதிர்த்து வாக்களித்தும் கோத்தபய ராஜபக்ச 52.25 சதவீதத்துடன் வென்றார். பெரும்பான்மை ஒருமுகப்பட்டால் சிறுபான்மையின் பேரம் பேசும் வலிமை ஒரே இரவில் கரைந்துவிடுகிறது. அமைச்சரவையில் பேரம் பேசவாவது நாடாளுமன்ற முறையில் வழியுண்டு. வென்றவருக்கே எல்லாம் என்ற முறையில் அதுவும் அவர் மனம் வைத்தால்தான்.

ஒருவர் முடிவும் அதன் விலையும்

விரைந்து முடிவெடுக்க முடியும் என்பது ஆதரவாளர்களின் வலுவான வாதம். 2021இல் கோத்தபய விரைந்துதான் முடிவெடுத்தார்: ரசாயன உர இறக்குமதிக்குத் திடீர்த் தடை. விளைச்சல் வீழ்ந்தது, சில மாதங்களில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

தவறு செய்த ஜனாதிபதியை விலக்குவது எளிதன்று. குற்றப்பிரேரணைக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவும் உச்ச நீதிமன்ற விசாரணையும் தேவை. 1991இல் அப்போதைய ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான முயற்சி கைகூடவில்லை. கோத்தபயவை விலக்கியது சட்டப்பிரிவு எதுவுமன்று, தெருவில் இறங்கிய மக்கள்தான். 2022 ஜூலை 13 அன்று அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். எஞ்சிய காலத்துக்கு நாடாளுமன்றம் 134 வாக்குகளால் தேர்ந்தெடுத்தது ரணில் விக்கிரமசிங்கவை. 2020 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்திருந்தது ஒரேயொரு தேசியப்பட்டியல் இடம்.

தடைகள் இருக்கும்போது நீதிமன்றம் காப்பாற்றியதும் உண்டு. 2015இல் வந்த 19ஆம் திருத்தம் நாடாளுமன்றத்தை நான்கரை ஆண்டுகளுக்குள் கலைப்பதைத் தடுத்தது. ஜனாதிபதியின் அலுவல் செயல்களுக்கு எதிராக அடிப்படை உரிமை மனு போடவும் வழி திறந்தது. 2018 நவம்பரில் சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, அது அரசியலமைப்புக்கு முரண் என்று ஏழு நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். 2020இல் 20ஆம் திருத்தம் அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்தது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் ஓரளவு குறைத்தது.

இந்தப் பதவியை ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா குமாரதுங்க வாக்களித்தார். பின்வந்தவர்களில் பலரும் வாக்களித்தார்கள். 2024 செப்டம்பர் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டு, அதே வாக்குறுதியோடு அநுர குமார திசாநாயக்க வென்றார். நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐ வென்றது. அரசியலமைப்பைத் திருத்தத் தேவையானது 150.